முத்தாலம்மாள் கடலுக்குப் போயிருக்கிறாள்

பொன்னுசாமியின் படகு சாமியாகிப் போனதில் பொன்னுசாமிக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் துணியைக் கட்டியவன் அவன்தான். வேப்பிலை செருகியதும், எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்ததும், அகல் விளக்கு ஏற்றியதும் அவனே. மற்றதையெல்லாம் மாடம்பாக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கானத்தூர்ப் பக்கத்துக் குப்பத்தில் அது வழக்கம். அடிபட்ட படகை ரிப்பேருக்கு எடுத்தால், முதல் தட்டு தட்டும் முன்னால் அதன் மூக்குக்கு மஞ்சள் பூசித் துணி கட்டி, கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்கள். குப்பத்தில் அதை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அது படகு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, அறுபத்து மூன்று வீடுகள் கொண்ட ஓர் அபார்ட்மெண்டை ஒட்டிய காலி மனையில், அதுவும் தெருவைப் பார்த்தபடி அதே காரியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவன் பொன்னுசாமி. முப்பத்திரண்டு அடி ஃபைபர் படகு, சொந்தப் படகு. மாமியார் முத்தாலம்மாள் தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது என்பதால் அவள் பெயரையே படகுக்கு வைத்தான். மாமியார் போய் எட்டு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் புயலில் கரையில் கிடந்த படகைக் கடல் தூக்கிக்கொண்டு போய்க் கல்லில் அடித்தது. அடிவயிறு ஓர் ஆள் நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. அதன்பிறகு அவன் மாடம்பாக்கம் பிருந்தாவனம் பிளாட்ஸில் வாட்ச்மேன்.

நீலச் சட்டை, ஒரு விசில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைச் சங்கச் செயலாளர் ஏகநாதன் பார்த்துவிட்டால் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். ஏகநாதன் ஏதோ இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு போடும் வேலையிலிருந்து மட்டும் அவர் ஓய்வு பெறவே இல்லை. கடலில் எவனுக்கும் கையைத் தூக்காத பொன்னுசாமி, ஒரு நாளைக்கு நாற்பது காருக்குச் சலாம் வைத்தான். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அவன் மனைவி கன்னியம்மா அதே தெருவுக்கு மீன் கூடையோடு வருவாள். அடுத்தவன் பிடித்த மீனை ஏலத்தில் எடுத்து விற்பதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவன் விசில் ஊதுவதைத்தான் தாங்க முடியவில்லை. மறுபடி படகு ஏற வேண்டும். அவர்கள் இருவருக்கும் அந்த ஓர் ஆசைதான் மிச்சம்.

வழி காட்டியவன் ஜெரோம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவனுக்கு ஃபைபர் பட்டறை இருக்கிறது. பூங்காக்களுக்கு டைனோசர், சறுக்கு மரம், வாயைத் திறந்து நிற்கும் பென்குவின் குப்பைத்தொட்டி, கல்யாண மண்டப வாசலில் கைகூப்பி நிற்கும் பொம்மை, இவையெல்லாம் அவன் உற்பத்தி. பிளாட்ஸின் தண்ணீர்த்தொட்டி மூடியைச் சரிசெய்ய வந்தவன், பொன்னுசாமியின் கதையைக் கேட்டுவிட்டு, படகை ஏன் கரையில் போட்டு வெயிலில் காயவிட்டிருக்கிறாய் என்று கோபித்துக்கொண்டான்.

"ஃபைபர்னா ஃபைபர்தான்ணா. டைனோசர் வயிறும் படகு வயிறும் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுத் தரேன்" என்றான்.

அவன் பட்டறைச் சந்துக்குள் டிரெய்லர் திரும்பாது. பிளாட்ஸை ஒட்டிய காலி மனையின் சொந்தக்காரர் அமெரிக்காவில் இருந்தார், சாவி பொன்னுசாமியிடம் இருந்தது. அவரிடம் போனில் அனுமதி கேட்டு, வைகாசியில் ஒரு ஞாயிறன்று படகை டிரெய்லரில் கொண்டுவந்து பழைய லாரி டயர்களின் மேல் நிறுத்தினார்கள். மழைக்கு நீலத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஓர் ஆள் உயரத்துக்கு.

திங்கட்கிழமை காலையிலேயே யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். பொன்னுசாமிக்குச் சிரிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை, மூன்றாவது மாடித் திரிபுரசுந்தரி வந்து ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், முழங்கால் வலிக்காரி. பதினோரு மாதமாக லிஃப்ட் ஓடாததால் படியேறிப் படியேறி நொந்துபோயிருந்தாள். புதன்கிழமை காலை லிஃப்ட் ஓடியது.

உண்மை என்னவென்றால், ஜெரோம் அடுத்த ஞாயிறு தன் கிரைண்டருக்குக் கரண்ட் எடுக்க வழி பார்ப்பதற்காக முதல்நாள் மாலை வந்து பிளாட்ஸின் மீட்டர் அறையைத் திறந்திருந்தான். அங்கே ஒரு ஒயர் லூசாகத் தொங்கியது. சும்மா இருக்காமல் அதை முறுக்கிவிட்டான். அவன் நேர்மையான ஆள். திரிபுரசுந்தரி தெருவைக் கூட்டிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது போய் நடந்ததைச் சொன்னான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அந்த ஒயர் பதினோரு மாசமா அங்கதான் தொங்கிச்சு. நாலு மெக்கானிக் வந்து பாத்தான். உன் கையைப் பிடிச்சு அதை முறுக்க வெச்சது யாரு?"

ஜெரோம் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட்டான். மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஆனி பிறப்பதற்குள் உண்டியல் வந்தது, மணி வந்தது, தகரக் கூரை வந்தது. மூன்று வருடமாக அந்த மூலையில் குப்பை கொட்டியவர்கள் கொட்டுவதை நிறுத்தினார்கள். ஏகநாதன் திருப்பணிக் குழு என்று ஒன்றை அமைத்துத் தானே தலைவரானார். படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த முத்தாலம்மாள் என்ற பெயர் அம்மன் பெயராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது தன் மாமியார் பெயர் என்று பொன்னுசாமி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். எல்லாம் அவள் ரூபம்தானே என்றார்கள்.

இந்த இடத்தில் பொன்னுசாமியின் மேலும் குற்றம் உண்டு, மறைக்கக் கூடாது. திரிபுரசுந்தரி தெரிந்த குருக்கள் ஒருவரைக் கேட்டுக்கொண்டு வந்து, பின்னமான மூர்த்தத்தைக் கும்பிடக் கூடாது, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும் என்று குழுவில் சொன்னாள். உடனே ஃபைபர் ஒட்டும் நல்ல ரெசினாக, நல்ல இழைப் பாயாகக் குழுவே வாங்கிக் குவித்தது. ஜெரோம் ஓட்டையின் ஓரங்களை அரைத்துத் தள்ளிவிட்டு, ஒரு அடுக்கு கண்ணாடி இழைப் பாய் விரித்து ரெசின் தடவி, காய்ந்ததும் அடுத்த அடுக்கு என்று ஐந்து அடுக்கு போட்டான். தட்டினால் பாறைச் சத்தம் வந்தது. என்ஜின் இல்லாவிட்டால் அதுவும் பின்னம்தானே என்று பொன்னுசாமி மெல்ல எடுத்துக் கொடுத்தான். குழு அரைமணி நேரம் விவாதித்து என்ஜினையும் பிரித்து மாட்டச் சொன்னது. தண்ணீரைத் தள்ளும் காற்றாடி புதிது, சுக்கான் புதிது. வேலை முடியட்டும், ஒருநாள் டிரெய்லரைக் கொண்டுவந்து நைசாகக் கிளம்பிவிடலாம் என்பது பொன்னுசாமியின் கணக்கு. கன்னியம்மா மட்டும், ஊரான் எண்ணெயில் நம் விளக்கு எரிகிறது, இது நல்லதற்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மனுக்கு முகம் வேண்டும் என்றார் ஏகநாதன். ஜெரோமிடம் அம்மன் அச்சு இல்லை. கல்யாண மண்டபப் பொம்மையின் அச்சில் முகத்தை வார்த்து, கோரைப்பல்லுக்கு டைனோசரிடமிருந்து இரண்டை எடுத்து ஒட்டி, படகின் மூக்கில் திருகாணி போட்டு முடுக்கினான். வருக வருக என்று சிரிக்கிற வாயில் கடித்துவிடுவேன் என்கிற பல். திரை விலக்கியதும் பொன்னுசாமி ஓரடி பின்வாங்கினான். அச்சு அசலாக மாமியார். பக்கத்தில் நின்ற கன்னியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

ஆடி பிறந்த அன்று இரண்டு பலகைகள் மாட்டப்பட்டன. முதல் பலகை, கோயில் இருக்கும் தெருவில் மீன், கருவாடு விற்கவோ கொண்டுவரவோ கூடாது என்றது. கன்னியம்மாவின் கூடை தெருமுனையிலேயே தடுக்கப்பட்டது. காலையில் மீன் குழம்பு சாப்பிட்டிருந்த பொன்னுசாமி, தன் சொந்தப் படகின் ஆணியைத் தொடக் கூடாது என்று குளித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பப்பட்டான். இருபது வருடம் மீன் நாற்றத்தைத் தவிர வேறு வாசனை அறியாத படகு அது.

இரண்டாவது பலகையைத்தான் அவன் நின்று இரண்டு தடவை படித்தான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அம்மனுக்குக் கான்கிரீட் பீடம். படகின் பாதி உயரம் வரை சுற்றிலும் கான்கிரீட் கொட்டி இறுக்கிவிடுவதாகத் திட்டம். கலவை லாரிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மனைக்காரரும் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கும்பிட்டுவிட்டு, கல்வெட்டில் தன் அப்பா பெயர் வருமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு அந்த மூலையைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார்.

கான்கிரீட் இறுகிவிட்டால் அவ்வளவுதான். டயரை உருவலாம், தார்ப்பாயைக் கிழிக்கலாம், கான்கிரீட்டை என்ன செய்வது? பொன்னுசாமி அன்று மதியமே ஏகநாதன் வீட்டு வாசலில் போய் நின்றான். இது படகு, தன் படகு, கடலுக்குப் போகிற படகு, வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

ஏகநாதன் அதிசயமாகக் கனிந்து பேசினார். "உன் படகு இல்லைன்னு யார் சொன்னா பொன்னுசாமி? அதுல அவ வந்து உக்காந்துட்டா. எழுந்திருன்னு நானா சொல்ல முடியும்?"

கும்பாபிஷேகத்தில் ஸ்தாபகர் என்று பொன்னாடை போர்த்துவதாகவும், அதன்பிறகு அம்மனுக்கே வாட்ச்மேனாக இருக்கலாம் என்றும் சொன்னார். நாற்காலி உண்டா என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் வந்துவிட்டான்.

ஜெரோமும் அவனும் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். உட்கார்ந்த சாமியை எழுப்ப மனிதனால் ஆகாது, சாமியே சொன்னால்தான் உண்டு. மூன்றாவது ஆடி வெள்ளி கூழ் வார்க்கிறார்கள், பம்பை உடுக்கை வருகிறது. பொன்னுசாமி மேல் சாமி வர வேண்டும். வந்து, கடலில் நீராட வேண்டும் என்று கேட்க வேண்டும். சாமி கடலாடப் போவது எங்கும் உள்ளதுதான், மாசி மகத்துக்கு ஊர்ச் சாமியெல்லாம் போகவில்லையா? ஆடிப்பெருக்கு அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கானத்தூர்க் கடல் வரை போய்விட்டால், இறங்குகிற சாக்கில் என்ஜினைப் போட்டுவிட்டு நேரே தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் தம்பி முறைக்காரன் குப்பம். மூன்று நாள் சைக்கிள் ஷெட்டில் கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, பொன்னுசாமி ஒத்திகை பார்த்தான். ஜெரோம் பயப்படுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தெருவே கூடியிருந்தது. பம்பை முழங்கியது. ஜெரோம் கண்ணைக் காட்டினான். பொன்னுசாமி முன்னால் போய் நின்றான். உடம்பை முறுக்க வேண்டிய நேரம். இரண்டு வருடமாக அந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே வேலை விறைப்பாக நிற்பதுதான். கால்கள் ஒட்டிக்கொண்டன. ஏகநாதன் எதிரே வரவும் வலதுகை தானாக எழுந்து நெற்றியில் சலாம் வைத்தது. அம்மனுக்கு என்ன பக்தி பார் என்றார் யாரோ. கான்கிரீட் லாரி பொன்னுசாமியின் மனசுக்குள் சுழன்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

அப்போது தெருமுனையில் ஒரு கூடை விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

தடுப்புப் பலகையைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கன்னியம்மா வந்துகொண்டிருந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. நடை அவளுடையதாக இல்லை, வலது காலை லேசாகச் சாய்த்து வைக்கிற நடை. பொன்னுசாமிக்கு அந்த நடை தெரியும். இருபது வருடம் அவன் வீட்டுக்கு அந்த நடையில்தான் சண்டை வந்திருக்கிறது. கூட்டம் விலகியது. பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். அவள் நேரே வந்து பொன்னுசாமியின் நீலச் சட்டையைப் பிடித்தாள்.

"பொண்ணையும் குட்துட்டு காதுல கெடந்ததையும் கயட்டிக் குட்தேனே, இங்க வந்து விசிலு ஊதிகினு கீறியா?"

குரலும் மாமியார் குரல்தான். திரிபுரசுந்தரி கற்பூரத் தட்டோடு முன்னால் வந்து, அம்மா, என்ன குறை, சொல்லம்மா என்று கேட்டாள்.

"மூச்சு முட்டுது எனுக்கு. தண்ணியப் பாத்து ரெண்டு வருசம் ஆவுது."

ஏகநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாலாபிஷேகம் செய்யட்டுமா தாயே என்றார். அவர் குரல் அவ்வளவு பணிவாக வரும் என்று அதுவரை அவருக்கே தெரிந்திருக்காது.

"பாலு இன்னாத்துக்கு, நான் இன்னா பூனையா? ஆடிப் பதினெட்டு என்னிய கானாத்தூரு கடலுக்கு இட்டுகினு போ. உப்புத் தண்ணி வோணும். மீன் கூடையத் தடுத்தவன் எவன்டா?"

மீன் கூடையைத் தடுத்த குழுக்காரர் சாலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் மேலேயே கன்னியம்மாவும் மயங்கிச் சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, கூடை எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். அன்று மாலை பொன்னுசாமி அவளைத் தனியாக அழைத்துப் போய், நிஜமா நடிப்பா என்று கேட்டான். தனக்கு ஒன்றும் தெரியாது, உச்சந்தலையில் சூடு ஏறியது மட்டும் ஞாபகம் என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். இன்றுவரை அவன் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஆடிப்பெருக்கன்று காலை ஆறு மணிக்கு முத்தாலம்மாள் டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் புறப்பட்டாள். சாமந்தியும் அரளியும் சுற்றிப் படகே தெரியவில்லை. பின்னால் இரண்டு வேன், ஏழு கார், எண்ண முடியாத ஸ்கூட்டர்கள். வேங்கைவாசல் தாண்டி மேடவாக்கம் போவதற்குள் வழியெல்லாம் பூசணிக்காய் உடைந்தது. இது எந்த ஊர் அம்மன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு தல வரலாறு சொன்னார்கள். மேடவாக்கம் கூட்டுரோட்டில் மெட்ரோ தூணுக்கு அடியில் போக்குவரத்துக் காவலர் எல்லாப் பக்கமும் நிறுத்தி வழிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். சோழிங்கநல்லூரில் ஞாயிறன்றும் வேலைக்குப் போகிற ஐ.டி. கம்பெனி பஸ் ஒன்று நின்று, உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகச் சில்லறை போட்டார்கள். சுங்கச்சாவடியில் சாமிக்குக் கட்டணம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. அங்கே இருந்த பெண் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, படகு என்றும் இல்லை, அம்மன் என்றும் இல்லை, போங்கள் என்றாள். இவ்வளவும் நடக்கும்போது பொன்னுசாமி ஜெரோமோடு டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். அவன் இடுப்பில் ஒரு திருப்புளி இருந்தது. கடலில் நாலு மைல் போனதும் அந்த முகத்தைக் கழற்றி எறிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

குப்பத்து ஆட்கள் கரையில் நின்றார்கள். பூவுக்குள்ளிருந்து நீட்டிய மூக்கைப் பார்த்ததுமே அவர்களுக்கு எந்தப் படகு என்று தெரிந்துவிட்டது. ஒருவன்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. பொன்னுசாமியின் பழைய கூட்டாளிகள் இருவர் மட்டும், அம்மனுக்குப் பூ என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரிய மூட்டையைப் படகில் ஏற்றினார்கள். மேலே மல்லி, கீழே வலை. ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று முழுக்குப் போட்டதும் திருப்பிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். பொன்னுசாமியும் ஜெரோமும் படகில் ஏறிக்கொண்டார்கள், நாற்பது பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முதல் அலை படகின் வயிற்றில் அடித்தது. ஜெரோமின் ஐந்து அடுக்கும் அசையவில்லை. பொன்னுசாமி என்ஜினை உசுப்பினான். திருப்பணிக் குழுவின் செலவில் பிரித்து மாட்டிய என்ஜின், ஒரே இழுப்பில் எடுத்தது.

மூன்றாவது அலையைத் தாண்டியபோது அவன் அழுதுகொண்டிருந்தான். வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதான். ஜெரோம் பக்கவாட்டில் தொங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து படகே ஏறாத வயிறு அது.

நாலு மைல் போனதும் பொன்னுசாமி திருப்புளியை எடுத்துக்கொண்டு மூக்குப் பக்கம் போனான். வழக்கமாக அங்கேதான் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றுகொண்டு வலை விடுவான். காலைத் தூக்கினான். அந்த முகம் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, பல் மேல் உப்புத் தண்ணீர் சொட்டியது. தூக்கிய கால் அப்படியே நின்றது. வைக்க மனம் வரவில்லை. திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் நவுந்துக்கோ அத்தே" என்று சொல்லிவிட்டு, ஓரமாக நின்றபடியே வலையை இறக்கினான்.

வலை காத்திருந்த நேரத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு தூரத்தில் ஆள் அடையாளம் தெரியாது. ஆனால் கரை ஓரத்தில் கலர் கலராக ஒரு கோடு தெரிந்தது. படகு கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தும் அந்தக் கோடு கலையவில்லை. அவன் கடலுக்குப் போன முப்பது வருடமும் அவனுக்காகக் கரையில் நின்றது ஒரே ஒருத்தி. சதுரங்கப்பட்டினம் தெற்கே இருந்தது. காற்றும் சாதகமாக இருந்தது. அவன் சுக்கானைத் தெற்கே திருப்பினான், ஒரு பீடி குடிக்கிற நேரம் அப்படியே போனான், பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கரைக்கே திருப்பினான்.

படகு மணலில் ஏறியபோது பகல் ஒரு மணி. ஒருவரும் போயிருக்கவில்லை. ஏகநாதன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார், கண்ணாடி எங்கோ போயிருந்தது. திரிபுரசுந்தரி முழங்கால் வலியோடு ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். வலையில் பதினொரு வஞ்சிரம் இருந்தது. அதைப் பார்த்தும் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

"நாங்க பயந்துட்டோம்" என்றார் ஏகநாதன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, டிராக்டர் தயாராக இருக்கிறது, அம்மா ஏறுவாளா என்று கேட்டார். உத்தரவாக அல்ல, நிஜமாகவே கேட்டார்.

பொன்னுசாமி படகைப் பார்த்தான், கன்னியம்மாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே வஞ்சிரத்தைக் கூடைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவ தொழில் பண்றவ சார். தெனம் கடலுக்குப் போயாவணும். லீவு நாள்ல வேணா வருவா."

ஏகநாதன் தலையாட்டினார். சாமி சொன்னதை மறுத்துப் பேச அவர் யார்? டிராக்டர் வெறுமனே திரும்பிப் போனது.

கலவை லாரிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வராது என்பதால் ஆவணியில் பீடத்தை எப்படியோ கட்டிவிட்டார்கள். நடுவில் முப்பத்திரண்டு அடிக்குப் படகு வடிவில் ஒரு பள்ளம். அதைச் சுற்றித்தான் பிரதட்சணம். பக்கத்தில் ஒரு பலகை: அம்மன் கடலுக்குப் போயிருக்கிறாள், வரும் நேரம் காற்றைப் பொறுத்தது. மீன் கூடைக்கு இப்போது தடை இல்லை. அம்மன் பிடித்த மீன் என்று பிருந்தாவனத்தில் சைவக்காரர்கள்கூட ஒரு துண்டு வாங்கிக் கீழ்வீட்டில் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்வதாகப் பேச்சு. பொன்னுசாமி நீலச் சட்டையைக் கழற்றிவிட்டான். தினமும் கிளம்பும்போது போனைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவான். அம்மா கிளம்பிட்டாளா, அம்மா வந்துட்டாளா என்று ஏகநாதன் இரண்டு வேளை கேட்பார். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் திரிபுரசுந்தரி விளக்கு ஏற்றுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது. காற்றும் திரும்பிவிட்டது. கயிறு கட்டி இன்னொரு படகு இழுத்துவந்து சேர்த்தபோது எட்டு மணி நேரம் தாமதம். பொன்னுசாமி நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கினான். கன்னியம்மா கரையில் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் திட்டவில்லை. போனை நீட்டினாள். அறுபத்து மூன்று வீட்டிலிருந்தும் அழைத்திருந்தார்கள், சிலர் நாலைந்து தடவை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது. ஏகநாதன்.

"வந்துட்டீங்களா" என்றது குரல். அம்மா வந்தாளா என்று அவர் கேட்கவில்லை. பின்னால் மணியடிக்கும் சத்தமும், பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் கேட்டன. "பொன்னுசாமி, சாப்பிட்டீங்களா?"

பொன்னுசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். கன்னியம்மா தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"முப்பது வருசமா எனுக்கு ஒருத்திக்கு இருந்த பேஜாரு. இப்ப தெருவுக்கே பிரிச்சுக் குட்துட்ட" என்றாள்.